உடை வடிவமைப்பாளர் ஒருவர் பழைய பொருள்களைக் கொண்டு விளக்குகளும், நூலில் தொங்கி அசையும் ‘மொபைல்’ சிற்பங்களும் செய்யலாமா? கற்ற தொழில் கைகொடுக்குமா?

பாதி கைகொடுக்கும், பாதி காலை வாரிவிடும். பல ஆண்டுகள் உடைகளை வடிவமைத்துவிட்டு, இப்போது குடைக்கம்பி, பழுதான ஜிப், மூக்குக்கண்ணாடி வில்லை என்று பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் பட்டறிந்துதான் சொல்கிறேன்.

கைகொடுத்தது விளக்கில். விளக்கைச் சுற்றும் துணி உறை ஏறக்குறைய ஒரு பாவாடைதான். துணியைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டினால் வளைவில் படியும், நேர் இழையில் வெட்டினால் விறைத்து நிற்கும் என்பது விரல்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் மடிப்பில் துணி இரண்டு மூன்று அடுக்காவதால் அங்கே ஒளி தடைபட்டு இருண்ட கோடு விழும். உடையில் உள்தையலை லைனிங் போட்டு மறைத்துவிடலாம். விளக்கிலோ ஸ்விட்சைப் போட்டதும் என் சோம்பேறித்தனம் முழுவதும் சுவரில் தெரிந்தது. உடைக்காரர்கள் ஒளிப்பக்கம் வருவது புதிதும் அல்ல. மடிப்புப் பட்டு உடைகளுக்குப் பெயர்பெற்ற மரியானோ ஃபார்ச்சுனி 1907இல் குடை வடிவ விளக்கு ஒன்றை உருவாக்கினார். ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் 2012ஆம் ஆண்டு விளக்குகள் பழைய பிளாஸ்டிக் (PET) பாட்டில்களிலிருந்து எடுத்த இழைத்துணியால் ஆனவை. உள்ளே சட்டம் கிடையாது, மடிப்பின் வலுவிலேயே நிற்கின்றன.

என் முதல் விளக்குக்கு அவ்வளவு கௌரவம் இல்லை. மிஞ்சிய பாலியஸ்டர் ஆர்கன்சா என்ற மெல்லிய துணியைக் குண்டு பல்புக்கு ஒட்டினாற்போலச் சுற்றினேன். அந்த பல்பு வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் வெப்பமாகவே போகிறது. அரை மணி நேரத்தில் துணி சுருங்கிப் பழுப்பேறிவிட்டது. இப்போது எல்இடி மட்டுமே. அதையும் துணியிலிருந்து தள்ளித்தான் வைக்கிறேன். உறை எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம், ஹோல்டரும் ஒயரும் புதியவை. இதில் நான் பிடிவாதக்காரி.

காலை வாரியது மொபைல். உடைக்குத் தோள் உண்டு. என்ன எடை தைத்தாலும் அது தாங்கும். அந்தப் பழக்கத்தில் மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். கீழே ஒரு பொத்தானைச் சேர்த்தால் மேலே எல்லாம் சரிந்தது. மூன்று நாள் இந்தக் கூத்து. பிறகுதான் கீழிருந்து மேலே கட்ட வேண்டும் என்று புரிந்தது: கடைசிக் கம்பியைச் சமன்செய்து, அதன் மொத்த எடையை அடுத்த கம்பியின் ஒரு முனையாக எண்ண வேண்டும். 40 செ.மீ. கம்பியின் ஒரு முனையில் 30 கிராம், மறுமுனையில் 10 கிராம் என்றால், கம்பியின் சொந்த எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், கனமான முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி நூல் கட்ட வேண்டும். மொபைல்களுக்குப் பெயர்பெற்ற சிற்பி அலெக்சாண்டர் கால்டர் இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய அசையும் சிற்பங்களுக்கு ‘மொபைல்’ என்று 1931இல் பெயரிட்டவர் ஓவியர் மார்செல் டுஷாம்ப்.

பழைய பொருள் என்பதாலேயே ஒன்று அழகாகிவிடாது. கரண்டியைத் தொங்கவிட்டால் தொங்கும் கரண்டிதான். வில்லை அப்படியல்ல, பக்கத்தில் ஒரு சிறு விளக்கை வைத்தால் அது சுழலும்போது சுவரில் ஒளிவட்டம் ஊர்ந்துபோகிறது, மூக்குக்கண்ணாடி நினைவுக்கே வருவதில்லை. அப்படி வேறொன்றாக மாறுவதைத்தான் எடுத்துவைக்கிறேன்.

தொடங்குவதென்றால் உடைந்த குடையின் ஒரு கம்பி போதும். இரு முனையிலும் வெவ்வேறு எடையுள்ள பொத்தான்களைக் கட்டி, நடுவில் விரலைக் கொடுத்து நகர்த்திப் பாருங்கள். பசையை அப்புறம் எடுக்கலாம்.