15 வீத உப்புக் கரைசலில் கரையத்தின் (கரைந்திருக்கும் பொருளின்) திணிவை எப்படிக் கணிப்பது? கரைசலின் திணிவுக்குப் பதிலாக நீர் 200 கிராம் என்று தந்தாலும் அதே முறைதானா?

முதல் கேள்விக்கு விடை லேசு. கரைசல் 200 கிராம், 15 வீதம் என்றால், 200-ஐ 15-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள். உப்பு 30 கிராம், மிச்சம் 170 கிராம் தண்ணீர்.

இரண்டாவதில்தான் நானும் சறுக்கினேன். படுவான்கரையில் மாமாவுக்கு வயல் இருக்கிறது. பெரும்போகம் தொடங்கும்போது, பத்து லீற்றர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து விதைநெல்லைக் கொட்டுவார். பதர் மேலே மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். (பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலச வேண்டும், உப்புப் பிடித்த நெல் ஒழுங்காக முளைக்காது.) ஓ எல் படித்த காலத்தில் பக்கத்தில் நின்று, "மாமா, இது 15 வீதக் கரைசல்" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். பிழை. தண்ணீர் 10 கிலோ, உப்பு 1.5 கிலோ, ஆகவே கரைசல் 11.5 கிலோ. 1.5-ஐ 11.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 வீதம்தான் வரும். வீதம் என்பது கரைசல் நூற்றுக்கு, தண்ணீர் நூற்றுக்கு அல்ல.

உண்மையிலேயே 15 வீதம் வேண்டுமென்றால், உப்பு 15 பங்கு, தண்ணீர் 85 பங்கு. பத்துக் கிலோ தண்ணீருக்கு 10 × 15 ÷ 85, கிட்டத்தட்ட 1.76 கிலோ உப்பு. உங்கள் கேள்வியில் நீர் 200 கிராம் என்பதால் விடை 35.3 கிராம். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, முட்டையைப் போட்டு மிதந்தால் சரி என்பார்.

இன்னொன்று, கேள்வியில் மில்லிலீற்றர் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ஆசுப்பத்திரியில் ஏற்றும் சேலைன் 0.9 வீதம். அது திணிவு/கனவளவு, அதாவது 100 மில்லிலீற்றரில் 0.9 கிராம். 500 மில்லிலீற்றர் போத்தலில் 4.5 கிராம் உப்பு, அடர்த்தி தேவையே இல்லை. ஆனால் திணிவு/திணிவு (100 கிராம் கரைசலில் இத்தனை கிராம்) 20 வீதமான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 250 மில்லிலீற்றர் என்று தந்தால், முதலில் அடர்த்தியால் பெருக்கிக் கரைசலின் திணிவை எடுக்க வேண்டும். அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.22 கிராம் என்றால் கரைசல் 305 கிராம், அதில் கரையம் 61 கிராம். அடர்த்தியை விட்டுவிட்டு 50 என்று எழுதினால் 11 கிராம் குறைந்துவிடும்.