கப்பலில் ‘உச்சா’ என்று யாரும் இல்லை

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் கணவரின் அண்ணா, டிசம்பர் லீவுக்கு அங்கிருந்து நாலு இரவுக் கப்பல் பயணம் போகக் கூப்பிடுகிறார். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டேகால். “பிள்ளைகளைக் கப்பலிலேயே பார்த்துக்கொள்வார்கள்” என்கிறார். உண்மையா அக்கா? அதற்கு வேறாகக் காசு முடியுமா? – வாசகி, உப்புவெளி

பாதி உண்மை தங்கச்சி. மகளுக்குச் சரி, மகனுக்குக் காசு.

ஏழு வருடம் பயணிகள் கப்பலில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் கிளப்பில் வேலை பார்த்துவிட்டுத்தான் இங்கே திருகோணமலை டச்சு பே பக்கம் முன்பள்ளி நடத்துகிறேன். பல கப்பல்களில் மூன்றாவது பிறந்தநாள்தான் எல்லை. ராயல் கரீபியன், டிஸ்னி என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களிலும் மூன்று வயது முடிந்து, பம்பஸ் இல்லாமல் கழிப்பறைக்குப் போகப் பழகிய பிள்ளைக்குக் கிளப் இலவசம். ராயல் கரீபியனில் இரவு பத்து மணி தாண்டினால் மட்டும் மணிக்கணக்குக்குக் காசு. மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஆறு மாதத்திலிருந்து சேர்க்கும் குழந்தைகள் காப்பகம் தனியாக இருக்கும். அதற்கு எப்போதும் மணிக்கணக்குதான், அறைக் கணக்கில் ஏறும். இடம் கொஞ்சம். கப்பல் ஏறிய பிறகு போய்க் கேட்டால் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். எல்லாக் கப்பலிலும் அந்தக் காப்பகம் கிடையாது, ஆகவே டிக்கெட் போடும் முன்பே கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “அடுத்த மாதம் மூன்று வயதாகிவிடும், விடுங்கோவன்” என்று வாசலில் நின்று கெஞ்சிய அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம்தான். ஆனால் பிறந்த திகதி எங்கள் கணினியில் இருக்கும்.

கிளப் நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பல கப்பல்களில், கடலில் போகும் நாட்களில் காலை ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம், இரவு ஒரு நேரம் என்று பிரித்துத்தான் வைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெரும்பாலும் பூட்டு. வயிற்றோட்டம், சத்தி என்றால் உள்ளேயே எடுக்கமாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வந்தால் இரண்டு நாளில் கப்பல் முழுக்கப் பரவும், அந்தப் பயம்.

நீச்சல் குளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பம்பஸ் கட்டிய பிள்ளையைப் பெரிய குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சலுக்கென்று விற்கும் பம்பஸ் போட்டாலும் அப்படித்தான். அதற்குள் ஒருமுறை ‘கக்கா’ போனால் குளத்தை மூடி, குளோரின் ஏற்றிச் சுத்தம் செய்ய மணிக்கணக்காகும். மகனுக்கு நிலாவெளியில் இறங்கிக் குளிக்கிற சந்தோசம் அங்கே கிடைக்காது.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. தமிழ் மட்டும்தான் தெரியும். கிளப்பில் சமாளிப்பானா? – வாசகர், மூதூர்

விளையாட்டுக்கு மொழி தேவையில்லை தம்பி. கட்டைகளை அடுக்கவும், ஒளித்து விளையாடவும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் வழி தெரிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில்.

ஒருநாள் இரவு எனக்கு ஓய்வு. கிளப்பிலிருந்து போன். பிலிப்பைன்ஸ்காரத் தோழி பதறிப்போய்ச் சொல்கிறாள்: “ஒரு குட்டிப் பெண் ‘உச்சா, உச்சா’ என்று அழுகிறாள். பட்டியல் முழுக்கத் தேடிவிட்டேன், அந்தப் பெயரில் பிள்ளையே இல்லை!” சென்னைப் பிள்ளை அது. நம் ஊரில் ‘ஒண்டுக்கு’ என்போம், ஆகவே எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கிச் சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை அடுத்த மூன்று நாளும் கிளப் பக்கம் வரவில்லை.

அதனால் மகனுக்கு ‘டொய்லட்’, ‘வோட்டர்’, ‘மம்மி’, ‘நோ’ நாலும் போதும், ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் பழக்குங்கள். பதிவுப் படிவத்தில் அவன் சொல்லும் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதவேண்டும். காய்ச்சல் பாணியைக் கொடுத்துவிட்டு “மத்தியானம் பருக்குங்கோ” என்றால் ஊழியர் தொடமாட்டார்கள். மருந்து உங்கள் வேலை.

முதல் நாள் கிளப்பைச் சுற்றிப் பார்க்க விடும் நேரம் ஒன்று வைப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள். அப்போதே, ஆபத்து மணி அடித்தால் மகனை எந்த இடத்துக்குக் கொண்டுவருவார்கள் என்று கேட்டு வையுங்கள். இதை ஏனோ யாரும் கேட்பதில்லை.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தையைக் கொண்டுபோகலாமா? – வாசகி, கிண்ணியா

பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் முடியவேண்டும். கரை தொடாமல் தொடர்ந்து மூன்று நாளோ கூடவோ ஓடும் பயணம் என்றால் பன்னிரண்டு மாதம். பயணம் முடிவதற்குள் இருபத்துநாலாவது வாரத்துக்கு வந்துவிடும் கர்ப்பிணிகளையும் பொதுவாக ஏற்றமாட்டார்கள்.

கேள்வி: 2023இல் சென்னையிலிருந்து பெரிய கப்பல் ஒன்று இங்கே வந்ததே, அதில் இங்கிருந்தே ஏறமுடியாதா? – வாசகர், பாலையூற்று

அது கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று தொட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பும் சுற்று. ஏறுவது சென்னையில். வந்தவர்களுக்கு நாம்தான் சுற்றுலா இடம்! கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் கப்பல் பயணத்துக்கு என்னையும் கூட்டிப்போகிறாள். “அம்மா வந்தால் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை” என்கிறாள். எனக்கோ கடல் பார்க்க ஆசை. – 64 வயது வாசகி, திருகோணமலை

அம்மா, உங்களைப் போன்ற அம்மம்மாக்களை நான் கப்பலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறையில், நித்திரை கொள்ளும் பேரனுக்குப் பக்கத்தில், எந்தக் கடலுக்கு நடுவில் இருக்கிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மேலே மகளும் மருமகனும் பாட்டுக் கச்சேரியில்.

டிக்கெட் போடும் முன்பே கதையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் இரவு ஏழிலிருந்து பத்து வரை கிளப்புக்குப் போகட்டும், அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதியுள்ளவர் பட்டியலில் மகள், மருமகன் பெயர் மட்டும் இருக்கட்டும். உங்கள் பெயர் இருந்தால் பத்து மணிக்கு யார் போவது என்பது எனக்குத் தெரியும். ஜன்னலுள்ள அறையைக் கேளுங்கள், விலை கூடத்தான். ஒரு சுவெட்டரும் கொண்டுபோங்கள், இரவில் மேல்தளத்தில் காற்று நம் கடற்கரைக் காற்று மாதிரி இராது.