முதல் ஐந்து ஆண்டுக்கு என்ன வழி என்று கேளுங்கள், தம்பி

அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 66, இருவரும் கிரீன் கார்டோடு நியூஜெர்சிக்கு வரப்போகிறார்கள். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் எந்தத் திட்டம் நல்லது, எடிசனில் வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் குளிரையும் பற்றிச் சொல்ல நம் ஆட்கள் கூடும் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மெடிகேரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் பெற்றோருக்கு வந்தவுடன் மெடிகேர் கிடைக்காது. எந்தத் திட்டம் என்ற கேள்வி இன்னும் ஐந்து ஆண்டு கழித்து வர வேண்டியது.

65 வயதானால் மெடிகேர் உண்டு என்பது இங்கே உழைத்தவர்களுக்கான கணக்கு. தானோ, கணவனோ மனைவியோ 40 காலாண்டு, அதாவது பத்து ஆண்டு வரி கட்டி வேலை பார்த்திருந்தால் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். நீங்கள் கட்டுகிற மெடிகேர் வரி உங்கள் கணக்கில்தான் சேரும், அப்பா கணக்கில் சேராது. இதைச் சொன்னால் நம் ஆட்களில் பலருக்குக் கோபம் வருகிறது. கோபப்பட்டு என்ன செய்வது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

வேலை பார்க்காத பெற்றோர் கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகு பணம் கட்டிச் சேரலாம். 2026 கணக்குப்படி பார்ட் ஏ மாதம் 565 டாலர், மருத்துவர் செலவுக்கான பார்ட் பி 202.90 டாலர். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,500 டாலரைத் தாண்டும். பார்ட் பி மட்டும் தனியாக வாங்கலாம்; பார்ட் ஏ மட்டும் தனியாக வாங்க முடியாது. "ஐந்து ஆண்டு கழித்து எல்லாம் இலவசம்" என்று கோயில் மண்டபத்தில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இடையில் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினால் "தொடர்ந்து வசித்தார்களா" என்ற கேள்வியும் எழும்.

அதுவரை என்ன வழி? உங்கள் அலுவலகக் காப்பீட்டில் பெரும்பாலும் பெற்றோரைச் சேர்க்க முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டுக்கும் நம் மாநிலத்தில் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். மிஞ்சுவது மாநிலத்தின் 'கெட் கவர்ட் நியூஜெர்சி' எனும் காப்பீட்டுச் சந்தை. வெளிநாட்டிலிருந்து குடிவந்த 60 நாளுக்குள் அங்கே திட்டம் வாங்கிவிடுங்கள். முன்பே சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது என்று யாரும் மறுக்க முடியாது. "வந்து செட்டில் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று 60 நாளைக் கோட்டைவிட்டால், நவம்பரில் தொடங்கும் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் அப்பா குளியலறையில் வழுக்கி விழமாட்டார் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஐந்து ஆண்டு நிறைகிற மாதத்தை ஒட்டி இன்னொரு கடிகாரம் ஓடும், மெடிகேரில் சேர்வதற்கான கெடு. அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம், மொத்தம் ஏழு மாதம். அதைத் தவறவிட்டால் தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், ஆயுள் முழுக்க.

அப்போது ஏஜெண்டுகள் தேடி வருவார்கள். தமிழிலேயே பேசுவார்கள், பல்லும் கண்ணாடியும் இலவசம் என்பார்கள். அவர்கள் விற்பது மெடிகேர் அட்வான்டேஜ் எனும் தனியார் திட்டம். அது சிலருக்குப் பொருந்தும். ஆனால் பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்தான் போக வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அரசின் நேரடி மெடிகேரில் பார்ட் பி பொதுவாக 80 சதவீதம் தரும், மீதி 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே இல்லை. அந்த 20-ஐ ஈடுகட்டும் மெடிகேப் திட்டத்தை பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கேட்டால் நோயைக் காட்டி மறுக்க முடியாது. பிறகு கேட்டால் உடல்நிலையைத் துருவுவார்கள். கையெழுத்துக்கு முன், மெடிகேர் பற்றி வழிகாட்டும் மாநிலத்தின் 'ஷிப்' சேவையின் ஆலோசகரிடம் பேசுங்கள். இலவசம், எதையும் விற்கமாட்டார்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் வந்த புதிதில் என் மாமனார் விசிட்டர் விசாவில் வந்திருந்தார். பயணக் காப்பீடும் எடுத்திருந்தோம். ஜனவரி மாத இரவு, நெஞ்சு வலி. மூன்று நாள் மருத்துவமனை. ரத்த அழுத்தம் முன்பே இருந்தது என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. பிறகு தபாலில் உறைகள் வரத் தொடங்கின: ஆம்புலன்ஸுக்கு ஒன்று, அவசரப் பிரிவு மருத்துவருக்கு ஒன்று, எக்ஸ்-ரேயைப் பார்த்துச் சொன்னவருக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. மாமனார் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கி, டாலரை ரூபாயாக்கிப் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். ஊரில் தலைமையாசிரியராக இருந்து பிறர் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டியவர், எங்கள் வீட்டில் ஒரு வாரம் நிமிர்ந்து சாப்பிடவில்லை.

நான் அப்போது ஆங்கிலத்தில் போன் பேசவே தயங்குகிறவள். ஆனாலும் ஒவ்வொரு அலுவலகத்தையும் அழைத்து வரிவரியான பில் கேட்டேன், செய்யாத பரிசோதனைக்குப் போட்டிருந்த தொகையை அடிக்க வைத்தேன், வட்டியில்லாத தவணை வாங்கினேன். பேசினால் குறைக்கிறார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். சிலர் கௌரவம் பார்த்து பில்லை மறைத்துவைப்பார்கள். அது கடன் வசூல்காரர் கைக்குப் போன பிறகு பேசுவது இன்னும் கடினம்.

இன்னொன்று. அப்பாவின் இ.சி.ஜி., எக்கோ அறிக்கைகளும், மாத்திரைகளின் மூல மருந்துப் பெயர் எழுதிய பட்டியலும் வரட்டும். நம் ஊர் பிராண்டு பெயர்கள் இங்கே மருந்துக் கடையில் புரியாது. அவற்றை விமானத்தில் போடும் பெட்டியில் வைக்காமல் அம்மாவின் கைப்பையில் வையுங்கள்.