ஓட்டு ஓட்டாக: வாசகர் கேள்வி பதில்

இழுபறியாக முடிந்த சட்டமன்றத் தொகுதிகளைப் பற்றிப் போன இதழில் எழுதிய குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதி பாராட்டு, பாதி வசவு. இரண்டிலிருந்தும் எடுத்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: நான் திருநெல்வேலி மாவட்டத்துக்காரன். உதயசூரியனுக்காகப் பல தேர்தல்களில் பூத்திலும் எண்ணும் மேசையிலும் உட்கார்ந்தவன்.

கேள்வி: 2021இல் தி.மு.க. கூட்டணி 159 இடம் ஜெயித்தது. இப்படி அள்ளும்போது நூறு, இருநூறு ஓட்டு வித்தியாசத்தைப் போட்டு ஏன் உருட்டுகிறீர்கள்?
– வள்ளியூர் வாசகர்

அந்த 159ஐப் பார்த்து நம்மவர்கள் மிதப்பில் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2016ஐ நினைத்துப் பாருங்கள். அ.தி.மு.க. 134 இடம், நம் கூட்டணி 98. ஆனால் மாநிலம் முழுக்க இரண்டு தரப்பும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அந்த ஒரு சதவீதம் எங்கே எங்கே சிதறிப் போனது என்று தேடினால் உங்கள் ஊருக்கே வந்து நிற்கலாம்.

உங்கள் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை வாங்கியது 69,590. நம் அப்பாவு வாங்கியது 69,541. வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு தெருவில் பத்து வீட்டு ஓட்டு. அதே தேர்தலில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கி வைத்தார்கள். அத்தனையும் தேர்தல் வேலைக்குப் போனவர்கள் போட்டவை. தபால் ஓட்டோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில் சான்றளித்தவர் பள்ளித் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஓட்டுப் போட்டவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டவரின் தகுதி மேல்தான் சந்தேகம்!

அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று வருடத்துக்கும் மேல் வழக்கு நடந்தது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி, தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 4ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலம் 2021இல் முடிந்தபோதும் முடிவு வெளிவரவில்லை. பணகுடிக்காரனும் கூடங்குளத்துக்காரனும் தங்கள் ஓட்டு உண்மையில் யாரை ஜெயிக்க வைத்தது என்று தெரியாமலே ஐந்து வருடத்தைக் கழித்தார்கள். இன்பதுரை மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. அறிவித்த முடிவின்படி அப்போது அவர்தான் எம்.எல்.ஏ. என் கோபமெல்லாம் தபால் ஓட்டு எண்ணிய அந்த மேசையின் மேல்தான். 2021இல் அதே அப்பாவு அதே இன்பதுரையை 5,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்துச் சபாநாயகராகவும் ஆனார். சந்தோஷம்தான். அதற்காகப் போன ஐந்து வருடம் திரும்பி வந்துவிடுமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு தேர்தலிலும் தபால் ஓட்டுப் போடுகிறேன். என் ஓட்டை எண்ணினார்களா என்றே தெரியாது. செல்லாமல் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– ஆலங்குளம் வாசகி

இந்தக் கேள்விக்காகவே உங்களைக் கும்பிட வேண்டும், டீச்சர்.

உங்கள் கைக்கு வரும் உறைகளில் ஓட்டுச்சீட்டு இருக்கும், 13ஏ என்ற உறுதிமொழிப் படிவமும் இருக்கும். ஓட்டுச்சீட்டில் குறியிட்டு, அதைச் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். 13ஏ படிவத்தைச் சின்ன உறைக்குள் வைக்கக் கூடாது. அது வெளியே தனியாக இருக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பெரிய உறைக்குள் போட வேண்டும். எண்ணும் இடத்தில் முதலில் பார்ப்பது 13ஏவைத்தான். அது இல்லையென்றாலோ, கையெழுத்தோ சான்றளிப்போ இல்லையென்றாலோ, சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே உங்கள் ஓட்டு பத்திரமாக இருக்கும், ஆனால் கணக்கில் வராது. 13ஏவில் எழுதும் ஓட்டுச்சீட்டு வரிசை எண்ணும், உறையின் மேல் உள்ள எண்ணும், சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் ஒரு இலக்கம் மாறினாலும் போச்சு.

பயிற்சி வகுப்பு நடக்கும் இடத்திலேயே தபால் ஓட்டுப் போட வசதி மையம் வைத்திருப்பார்கள். சான்றளிக்கும் அதிகாரி அங்கேயே இருப்பார். அங்கேயே முடித்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். சான்றளிப்பவரின் பெயர், பதவி, முத்திரை மூன்றும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ராதாபுரத்தில் உங்களைப் போன்றவர்களின் ஓட்டைத்தான் கட்டிவைத்தார்கள் என்பதை மறக்கவே கூடாது.

இன்னொன்று, இது எண்ணும் மேசையில் கட்சிக்காக உட்காரும் எங்கள் ஏஜென்டுகளுக்கு. ஜெயித்த வித்தியாசம் ஒதுக்கிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையை விடக் குறைவாக இருந்தால், ஒதுக்கியவை அத்தனையையும் தேர்தல் அதிகாரி மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் உத்தரவு அது. வாய் திறந்து கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் இருபது வருடமாகக் கொடி கட்டுகிறோம். கடைசியில் சீட்டைத் தூக்கிக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் எதற்கு உழைக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற கிளைச் செயலாளர், ஈரோடு மாவட்டம்

தம்பி, உன் வருத்தம் நியாயமானது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் மாவட்டத்து மொடக்குறிச்சியையே எடுத்துக்கொள். 2021இல் அங்கே நின்றது கூட்டணிக் கட்சி இல்லை, நம் சுப்புலட்சுமி ஜெகதீசன். மாநில அமைச்சர், மத்திய இணையமைச்சர் எல்லாம் ஆனவர், கட்சியின் துணைப் பொதுச் செயலாளர். பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். நம் கட்சி ஆட்சியைப் பிடித்த தேர்தலில், நம் சின்னத்தில் நின்ற அவ்வளவு பெரிய தலைவர்! அடுத்த வருடம் கட்சியை விட்டே விலகிவிட்டார். பா.ஜ.க. அந்தத் தேர்தலில் ஜெயித்த நான்கு தொகுதிகளில் ஒன்றை நாமே தட்டில் வைத்துக் கொடுத்தோம் என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். சொந்த வேட்பாளருக்கே இந்தக் கதி என்றால் கூட்டணி வேட்பாளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது தென்காசிக்கு வா. 2016இல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரசின் பழனி நாடாரை 462 ஓட்டில் ஜெயித்தார். 2021இல் அதே இரண்டு பேர் மறுபடி மோதினார்கள். இந்த முறை பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். அந்த 370க்குப் பின்னால் கைச் சின்னத்துக்காக வீடு வீடாகப் போன சூரியன்காரர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் சீட் கிடைக்கவில்லை. தோற்றவர் வழக்குப் போட்டு, 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணியபோதும் பழனி நாடாரின் வெற்றி நிலைத்தது. காரணம், எண்ணும் நாளில் நம் பையன்கள் ஒவ்வொரு ஓட்டுக் கட்டையும் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார்கள்.

காட்டுமன்னார்கோயிலையும் சேர்த்துக்கொள். 2016இல் திருமாவளவன் நம்மோடு சேராமல் மக்கள் நலக் கூட்டணியில் நின்று 87 ஓட்டில் தோற்றார். அந்தக் கூட்டணி மாநிலம் முழுக்க ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை. 2021இல் அதே சிறுத்தைகள் நம்மோடு வந்து அதே தொகுதியில் 10,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். உன் ஊரில் சீட் யாருக்குப் போனாலும் அந்தக் கணக்கு ஒன்றுதான். மாவட்டச் செயலாளரிடம் சண்டை போட வேண்டுமா, தொகுதிப் பங்கீடு முடிவதற்கு முன்னால் போடு. நன்றாகவே போடு. வேட்பாளர் பெயர் அறிவித்த பிறகு உள்ளடி வேலை பார்க்கிறவனை எனக்குப் பிடிக்காது.

கேள்வி: நடுநிலை இல்லாத உங்கள் பதில்களை எதற்குப் படிக்க வேண்டும்? பணம் கொடுத்து ஓட்டு வாங்குவதில் உங்கள் கட்சி மட்டும் யோக்கியமா?
– விருத்தாசலம் வாசகர்

நடுநிலை என்று நான் எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு வேளைச் சோறு பள்ளிக்கூடத்தில் கிடைக்க வேண்டும், நம் மொழியில் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், டெல்லி நம் தலையில் குட்டக் கூடாது என்று நினைக்கிற கட்சி எனக்கு இது. அதற்காக உழைக்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் பணப் பட்டுவாடாவால் நின்றன. 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானபோது கை நீட்டப்பட்டது எங்கள் பக்கம். அது எங்களுக்கு அவமானம். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை. 100 ஓட்டில் முடிகிற தொகுதியில் கவர் கொடுப்பவன் எந்தக் கட்சியாக இருந்தாலும், நாயாக அலைந்து பட்டியல் சரிபார்த்த தொண்டனின் உழைப்பைத் திருடுகிறான்.

கேள்வி: ஒரு ஓட்டு வித்தியாசத்தில் யாராவது தோற்றிருக்கிறார்களா?
– கடையம் வாசகர்

உண்டு. 2004இல் கர்நாடகாவின் சந்தேமரஹள்ளியில் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் கிருஷ்ணமூர்த்தி. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரசின் சி.பி. ஜோஷி. ஜோஷி அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவர், முதல்வர் பதவிக்குப் பேசப்பட்டவர். இரண்டு பேரும் சமமாக வாங்கினால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். சீட்டுக் குலுக்கித்தான் முடிவு.

கேள்வி: விஜய் கட்சி யார் ஓட்டைப் பிரிக்கும்?
– பாளையங்கோட்டை, ஏர்வாடி, சாத்தான்குளம் என்று பலர்

இரண்டு பக்கமும் பிரிக்கும். 2006இல் தே.மு.தி.க. முதல்முறை நின்றபோது 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி, விஜயகாந்த் மட்டும்தான் ஜெயித்தார். ஆனால் பல ஊர்களில் ஜெயிக்க வேண்டியவரைத் தோற்கடித்தார்கள். ஓட்டுப் போடும் கூட்டம் வேறு, பூத்தில் உட்காரும் ஆள் வேறு. அந்த ஆள் விஜய் கட்சியிடம் எத்தனை பூத்தில் இருக்கிறார் என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: முதல்முறை எண்ணும் மேசைக்கு ஏஜென்டாகப் போகப்போகிறேன். வயது 23. என்ன கொண்டுபோக வேண்டும்?
– நாங்குநேரி இளைஞர்

17சி. அதை முதலில் தேடி எடு. ஓட்டுப்பதிவு முடிந்த இரவு ஒவ்வொரு பூத்திலும் ஏஜென்டுகளுக்குக் கொடுக்கும் தாள் அது. எந்த இயந்திரம், அதில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று இருக்கும். பசிக்கிறது, பஸ் போய்விடும் என்று அதை வாங்காமல் கிளம்புகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். உன் தொகுதியில் அத்தனை பூத் தாளும் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடு.

மேசையில் உட்கார்ந்ததும் கட்டுப்பாட்டு இயந்திரத்தின் எண்ணை 17சியோடு ஒப்பிடு, சீல் உடையாமல் இருக்கிறதா பார், மொத்த ஓட்டு ஒன்றா என்று பார். பிறகுதான் யாருக்கு எத்தனை என்பது. சின்னத்துக்கு நேராக வரும் எண்ணை உன் கையால் எழுது. வெளியே வெடி வெடிக்கும், டிவி பார்த்தவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். காதில் வாங்காதே. காட்பாடியில் 2021இல் துரைமுருகன் பல சுற்றுகளில் பின்தங்கியிருந்தார், கடைசியில் 746 ஓட்டில் ஜெயித்தார். பாதிச் சுற்றில் நம் ஆட்கள் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தி.நகரில் நாம் ஜெயித்தது 137 ஓட்டில். அங்கேயும் கடைசி வரை உட்கார்ந்தவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

சந்தேகம் வந்தால் கத்தாதே, எழுதிக் கொடு. மறு எண்ணிக்கை கேட்பதென்றால் மொத்தத்தை வாசித்த பிறகு, முடிவை அறிவிப்பதற்கு முன்னால், காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். அந்தச் சில நிமிடத்தைத் தவறவிட்டால் அப்புறம் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றம்தான். அந்த வழி எவ்வளவு நீளம் என்று ராதாபுரம் சொல்லும்.

எண்ணும் நாளைப் பற்றி மட்டும் யோசிக்காதே. 2025 டிசம்பரில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். உயிரோடு உன் தெருவிலேயே இருக்கும் ஆத்தா பெயரும் அதில் போயிருக்கலாம். பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போ. பெயர் விட்டுப்போனவர்களுக்கு 6ஆம் படிவத்தை நீயே எழுதிக் கொடு. நம் கட்சிக்காரர் வீட்டுக்கு மட்டும் போகாதே, எல்லார் வீட்டுக்கும் போ. இந்த வாரமே ஆரம்பி, தம்பி.