தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டாவா, ஆனைமுடியா?

ஆனைமுடிதான். பள்ளியில் 'தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா' என்று படித்ததைத் தென்னிந்தியா முழுவதற்கும் நீட்டிக்கொள்வதால் வரும் குழப்பம் இது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர், வித்தியாசம் வெறும் 58 மீட்டர்தான்.

ஆனைமுடி இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறு பக்கம், இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள். ஆனைமலை, பழனிமலை, ஏலமலை மூன்றும் வந்து கூடும் முடிச்சு என்று இதைச் சொல்லலாம். தொட்டபெட்டா இருக்கும் நீலகிரியோ பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே தனியாக நிற்கிறது. ஆனைமுடியின் மேலே பெரும்பாலும் புல்வெளிதான், மரமெல்லாம் பள்ளங்களில் ஒதுங்கி சோலைக்காடாக நிற்கும், அந்தப் புல்லை நம்பித்தான் வரையாடுகள் வாழ்கின்றன. அப்புறம், தொட்டபெட்டா மாதிரி உச்சி வரை காரில் போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு ராஜமலைப் பகுதி வரைதான்.