வளைகாப்புப் பந்தலில் எந்த ஐஸ்?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு மகளுக்கு வளைகாப்பு நடத்துகிறோம். நூறு பேர் வருவார்கள். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத், பன்னீர் சோடா கொடுப்பதாக இருக்கிறோம். காசிமேட்டிலிருந்து பார் ஐஸ் வாங்கி உடைத்துப் போட்டுவிடலாம் என்கிறார் சமையல்காரர். வாங்கலாமா? எவ்வளவு தேவைப்படும்?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பானத்துக்குள் போடுவதற்கு அந்த ஐஸ் வேண்டவே வேண்டாம், அம்மா. அது மீன் கெடாமல் இருப்பதற்காகச் செய்யப்படுவது. உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கிய தகர அச்சுகளில் உறைந்து, தரையில் இழுக்கப்பட்டு, மீன்பாடி வண்டியில் ஈரச் சாக்கின் கீழே பயணம் செய்து, கடைசியில் கட்டையால் உடைபடுகிற ஐஸ் அது. மீனுக்கு அது போதும். மீனைக் கழுவிக் கொதிக்க வைத்துத்தான் உண்கிறோம். சர்பத்தை அப்படியே குடிக்கிறோம்.

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. டைபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ்களும் ஐஸுக்குள் உயிர்ப்புடன் இருந்து, ஐஸ் உருகியதும் டம்ளருக்குள் இறங்கிவிடும். அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. உங்கள் வீட்டு விசேஷம் வளைகாப்பு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாலைக் காய்ச்சி, கேன் தண்ணீர் வாங்கி நீங்கள் எடுத்துக்கொள்ளும் அத்தனை கவனத்தையும் ஒரு துண்டு ஐஸ் வீணாக்கிவிடும்.

உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் நீலமாக இல்லை என்பதை மட்டும் வைத்து, அது குடிக்கத் தகுந்தது என்று முடிவு செய்துவிடாதீர்கள். 14 இலக்க உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டில் வரும் கியூப் ஐஸையே வாங்குங்கள்.

அளவுக்கு வருவோம். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் சர்பத்தை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிராம் ஐஸ் அதிலேயே கரைய வேண்டும். அதாவது, சர்பத்தில் கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் சேர்ந்துவிடும். அதே சர்பத் முன்பே ஃபிரிட்ஜில் 10 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் 60 கிராமே போதும். ஆகவே விசேஷத்துக்கு முந்தைய இரவு ஃபிரிட்ஜில் எவ்வளவு இடம் கிடைத்தாலும் அதைப் பானங்களுக்கே கொடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலும் தவறில்லை. ஆளுக்கு 200 மில்லி டம்ளரில் இரண்டு என்றால் மொத்தம் 40 லிட்டர். எல்லாம் முன்பே குளிர்ந்திருந்தால், டம்ளரில் மிதப்பதற்கும் வெயிலில் கரைவதற்கும் சேர்த்து 20 கிலோ ஐஸ் போதும். குளிரவைக்க வழியில்லை என்றால் 35 கிலோவாவது வேண்டும். அப்போது சர்பத்தில் சேர்க்கும் தண்ணீரைக் கால் பங்கு குறைத்துக் கெட்டியாகக் கலந்துகொள்ளுங்கள்.

ரோஸ் மில்க்கில் தண்ணீர் ஐஸ் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பாதி டம்ளர் குடிப்பதற்குள் பால் நீர்த்துப் போகிறது. கலந்த ரோஸ் மில்க்கையே ஃப்ரீசரின் ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளைப் போடுங்கள். ஒரு தட்டில் 200 கிராம் அளவுக்குத்தான் வரும் என்பதால் ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியிருக்கும். நம் பகுதியில் ஃப்ரீசரில் மீன் இல்லாத வீடு குறைவு. மூடாமல் வைத்த ஐஸ் இரண்டே நாளில் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். உறைந்த கட்டிகளைக் காற்றுப் புகாத கவரில் கட்டிவைத்து, மீனையும் தனியாக இறுக்கமாக மூடிவையுங்கள்.

மாடியில் ஐஸை வைப்பதற்குப் புதிய தெர்மாகோல் பெட்டி வாங்குங்கள். மார்க்கெட்டில் மீன் வந்த பெட்டி எவ்வளவு கழுவினாலும் உதவாது. சூடேறிய தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, பெட்டியை நிறைய நிரப்பி, மேலே சாக்கு போர்த்தி நிழலில் வையுங்கள். 1842-இல் மெரினாவை ஒட்டி ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்ட காலத்தில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ் மரத்தூளுக்குள் பொதியப்பட்டு, மாதக்கணக்கில் கப்பலில் வந்து, நம் வெயிலிலும் கட்டியாகவே இறங்கியது. இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். வெப்பம் உள்ளே நுழையாமல் தடுப்பதுதான் அன்றும் இன்றும் வேலை. அடிக்கடி மூடியைத் திறந்தால் எந்தப் பெட்டியும் காக்காது.

ஐஸை எடுப்பதற்கு நீண்ட காம்புள்ள எவர்சில்வர் கரண்டி ஒன்றை வைத்து, அந்தப் பொறுப்பை ஒரே ஆளிடம் விடுங்கள். கையாலோ கண்ணாடி டம்ளராலோ அள்ள விடாதீர்கள். பெட்டிக்குள் கண்ணாடி உடைந்தால் துண்டு எது, ஐஸ் எது என்று கண்ணுக்குத் தெரியாது; அந்தப் பெட்டி முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

சமையல்காரர் மனம் கோணாதிருக்க ஒரு பார் ஐஸ் வாங்கிக்கொள்ளலாம். சோடா பாட்டில்களைக் குளிரவைக்கும் தொட்டிக்கு மட்டும் அது போகட்டும். திறக்கும் முன் ஒவ்வொரு பாட்டிலின் வாயையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: தண்ணீரைக் கொதிக்க வைத்து உறையவைத்தாலும் ஐஸின் நடுவே வெள்ளையாகவே இருக்கிறது. கண்ணாடி போன்ற ஐஸ் வீட்டில் வருமா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: வரும். தட்டில் தண்ணீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் உறைவதால், அதில் கரைந்திருக்கும் காற்றும் உப்புகளும் நடுவே தள்ளப்பட்டுச் சிக்கிக்கொள்கின்றன. அதுதான் அந்த வெண்மை. ஃப்ரீசரில் அடங்கும் சிறிய தெர்மாகோல் பெட்டியில் கழுவிய பிளாஸ்டிக் டப்பாவைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி, மூடாமல் வையுங்கள். மேலிருந்து கீழாக மட்டும் உறையும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் மீதமிருக்கும்போதே எடுத்து அதைக் கொட்டிவிட்டால் மேல்கட்டி தெளிவாக இருக்கும். கொதிக்க வைப்பது தெளிவுக்குப் பெரிதாக உதவாது. சுத்தத்துக்கு உதவும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அவசரத்துக்கு சோடா பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்தேன், ஒன்று வெடித்துவிட்டது. சீக்கிரம் குளிர வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது, கண்ணாடி அதைத் தாங்காது. ஒரு பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் சமமாகப் போட்டு இரண்டு கை கல் உப்பைக் கலந்து, பாட்டில்களைக் கழுத்து வரை அமிழ்த்துங்கள். வெறும் ஐஸில் பாட்டில் அங்கங்கே மட்டும்தான் ஒட்டும். தண்ணீர் முழுவதும் சூழ்ந்துகொள்ளும், உப்பு அந்தத் தண்ணீரைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இறக்கும். இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சோடாவை ஊற்றும்போது டம்ளரைச் சாய்த்து, ஓரமாக மெதுவாக ஊற்றினால் வாயு வீணாகாது.