பி.ஏ. தத்துவம் படித்தால் எதிர்காலம் உண்டா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தத்துவத்தில் பட்டம் படிக்கலாமா, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எதிர்ப்பு இருக்கும் என்று ஊகிக்கிறேன். சென்னையில் பி.ஏ. தத்துவம் முடித்து, அதன்பின் மூன்றாண்டுச் சட்டம் படித்து, வழக்குரைஞராக இருக்கும் நான், தாராளமாகப் படியுங்கள் என்றே சொல்வேன்.

சைவ சித்தாந்தத் தாளில் எங்களுக்கு அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பாடமாக இருந்தது. பிறர் கொள்கைகளை ஆராயும் அதன் பகுதியான பரபக்கம், கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கி, வைணவக் கொள்கையான பாஞ்சராத்திரம் வரை 14 கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறது. மறுப்பைத் தொடாமல் உலகாயதரின் கட்சியை மட்டும் வகுப்பில் நிலைநாட்ட வேண்டும் என்று பேராசிரியர் என்னைப் பணித்தார். நானோ நாள்தோறும் தேவாரம் ஓதும் வீட்டில் வளர்ந்தவன். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடும்போது அவற்றில் இல்லாத சிவப்பு தோன்றுவதுபோல, நிலம், நீர், தீ, காற்று கூடிய உடலில் அறிவு தோன்றுகிறது, உடல் அழிந்தால் அதுவும் அழியும் என்று வாதிட்டேன். புகையைக் கண்டு நெருப்பை அறிகிறோமே, கண்டதைக்கொண்டு காணாததை அறியும் அனுமானத்தை எப்படித் தள்ளுவாய் என்று ஒரு மாணவி மடக்கினார். எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் பார்த்திராத ஒருவர், புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்று எதைக்கொண்டு உறுதிசெய்வார் என்று திருப்பிக் கேட்டேன். கேட்டபிறகுதான், முந்தைய ஆண்டு மேலைத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் எழுத்தில் படித்த கேள்வியும் ஏறக்குறைய இதுவே என்பது உறைத்தது. என் பக்தி அன்று குறையவில்லை. கடவுளை மறுப்பவர் சிந்திக்காதவர் என்ற எண்ணம் மட்டும் அடியோடு போயிற்று. இன்றும் எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களைவிட வலுவாக எழுதிப் பார்த்த பின்னரே என் வாதத்தைத் தொடங்குகிறேன்.

இதைச் சட்டக் கல்லூரியே கற்றுத்தராதா என்று சிலர் கேட்கக்கூடும். கற்றுத்தரும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அங்கே எதிர்வாதத்தை அறிவது வெல்வதற்காக. தத்துவ வகுப்பில், அதுவே உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையோடு அறிகிறோம்.

இந்தப் பட்டம் நேரே ஒரு வேலையில் கொண்டுபோய் விடும் என்று ஆசை காட்ட மாட்டேன். முதுகலையும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வும் முடித்துக் கல்லூரி ஆசிரியராகலாம், என்னைப் போலச் சட்டம் படிக்கலாம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். தாளுக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள்.

எனக்குள்ள ஆற்றாமை வேறு. நான் படித்த கல்லூரியில், வேறு துறைகளில் இடம் கிடைக்காதவர்களைத் தத்துவத்தில் சேர்த்தார்கள்; ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டார்கள்; பிறகு மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன், அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், தருக்கத்தை யார் நடத்துகிறார் என்று நேரில் சென்று விசாரியுங்கள். முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமும் பேசிப் பாருங்கள்.